முகாமையாளரைத் தெரிவது யார்?

மாலை வேளையில் உதைபந்தாட்டம் ஒன்று முடிந்துவிடுகிறது. விளையாடியவர்கள் காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்கிறார்கள். பார்த்தவர்களோ கலைவதில்லை. மைதானத்து வேலியோரத்திலும், தேநீர்க் கடை வாங்கிலும் ஆட்டம் மறுபடியும் நடக்கிறது. இவனை ஏன் முன்னணியில் விட்டார்கள், அவனை ஏன் வெளியே இருத்தினார்கள் என்ற கேள்விகள் எழுகின்றன. இறுதியில் எல்லாக் கேள்விகளும் ஒரே கேள்வியில் வந்து முடிகின்றன: இந்த அணியை இனி யார் கையில் ஒப்படைப்பது?

நேயர்களே, இக்காட்சியை நம் ஊர்களிற் காணாதவர் இரார். ஊர்க் கழகத்துக்கே இவ்வளவு வழக்காடல் என்றால், ஒரு நாட்டின் அணிக்கு எவ்வளவு இருக்கும்? உதைபந்தாட்டத்துக்குச் சட்டம் வகுத்துக் கொடுத்த நாடு இங்கிலாந்து. அந்நாட்டின் தேசிய அணிக்கு முகாமையாளர் யார் என்ற விவாதம் அங்கே அரை நூற்றாண்டுக்கும் மேலாக மதுச்சாலைகளிலும் தொழிற்சாலை வாசல்களிலும் பத்திரிகைப் பக்கங்களிலும் ஓயாமல் நடந்து வந்திருக்கிறது. அந்த விவாதத்தின் வரலாற்றையே இன்று உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

முதலிற் சொல்ல வேண்டியது வியப்பான ஒரு செய்தி. இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் 1863ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் கிளாஸ்கோ நகரிலே முதலாவது சர்வதேசப் போட்டியில் மோதியது 1872 நவம்பர் 30ஆம் நாள். ஆனால் இங்கிலாந்து அணிக்கு முகாமையாளர் என ஒருவர் நியமிக்கப்பட்டது 1946ஆம் ஆண்டிலேதான். அதாவது, 74 ஆண்டுகள் அப்படி ஒரு பதவியே இருக்கவில்லை. ஆட்டக்காரர்களைத் தெரிவதற்குச் சங்கத்தின் குழு ஒன்று இருந்தது. கனவான்கள் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் பெயர்களைச் சொல்வார்கள். கருத்து வேறுபட்டால் பெரும்பான்மை பார்ப்பார்கள். இப்படிப் பெயர்கள் சேர்ந்து பட்டியலாகும்; அப்பட்டியலே அணியாகும்.

அக்காலத்தில் இரசிகர்களின் விவாதம் முகாமையாளரைப் பற்றியதாக இருக்க முடியாது. இன்ன வீரனா, அன்ன வீரனா என்பதாகவே இருந்தது. 1927 ஜனவரி 22ஆம் நாள் ஹைபரி மைதானத்தில் நடந்த ஆர்செனல், ஷெஃபீல்ட் யுனைட்டெட் கழகங்களின் போட்டியைப் பிரித்தானிய வானொலி நேர்முக வருணனையாக ஒலிபரப்பியது. அந்நாட்டில் கழகப் போட்டி ஒன்று அவ்வாறு ஒலிபரப்பானது அதுவே முதன்முறை. மைதானத்துக்குப் போக வசதியில்லாதவனும் அன்று முதல் ஆட்டத்தைக் காதாற் கண்டான். கண்டவன் கருத்துச் சொல்லாமல் இருப்பானா? வழக்காடும் சபை அன்றிலிருந்து விரிந்துகொண்டே போயிற்று.

1946ஆம் ஆண்டில் சங்கத்தின் செயலாளராயிருந்த ஸ்டான்லி றவுஸ் என்பவர் புதிய பதவிக்கு வோல்ட்டர் வின்டர்பொட்டம் என்பவரைக் கொண்டுவந்தார். வின்டர்பொட்டத்துக்கு அப்போது வயது 33. மன்செஸ்டர் யுனைட்டெட் கழகத்தில் விளையாடியவர். முதுகு நோயால் ஆட்டத்தை விட்டவர். ஆசிரியத் தொழில் கற்றவர். போர்க்காலத்தில் விமானப் படையிற் பணியாற்றியவர். தொழில்முறைக் கழகம் எதையும் அவர் நடத்தியதில்லை. பயிற்சித் துறைக்குப் பணிப்பாளராகவும், தேசிய அணிக்கு முகாமையாளராகவும் இரண்டு சுமைகள் அவர் தோளில் ஏற்றப்பட்டன. ஆயினும், முக்கியமான ஒன்று அவரிடம் கொடுக்கப்படவில்லை. அணியைத் தெரியும் அதிகாரம் பழைய குழுவிடமே நின்றுவிட்டது. சமையற்காரனை நியமித்துவிட்டுக் காய்கறியை வேறொருவர் வாங்கிக் கொடுப்பது போன்றதோர் ஏற்பாடு அது.

அதன் விளைவை உலகம் 1950ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கண்டது. பிறேசில் நாட்டின் பெலோ ஒறிசொன்ரே நகரில், உலகக் கிண்ணப் போட்டியிலே, இங்கிலாந்தை அமெரிக்கா ஒரு கோலினால் வென்றது. அமெரிக்க அணியிற் பெரும்பாலோர் வேறு தொழில் செய்து பிழைத்தவர்கள். ஸ்டான்லி மத்தியூஸ் என்ற மாபெரும் வலதுபுற வீரர் அன்று விளையாடவில்லை. அணியைத் தெரியும் பொறுப்போடு சென்றிருந்தவர் ஆர்தர் டுரூறி என்ற ஒரு குழு உறுப்பினர். முந்திய போட்டியில் சிலி நாட்டை வென்ற அணியை மாற்ற வேண்டியதில்லை என்பது அவர் முடிவு. முகாமையாளர் அருகிலேயே இருந்தார். ஆனால் முடிவு அவருடையதன்று.

மூன்றாண்டுகள் கழித்து, 1953 நவம்பர் 25ஆம் நாள், வெம்பிளி அரங்கில் இன்னும் பெரிய அடி விழுந்தது. ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் பார்த்திருக்க, ஹங்கேரி 6 கோல்களும் இங்கிலாந்து 3 கோல்களும் போட்டன. ஐரோப்பியப் பெருநிலத்து அணி எதுவும் அதற்கு முன்னர் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் வென்றதில்லை. அடுத்த ஆண்டு மே மாதத்தில் புடாபெஸ்ட் நகரில் ஹங்கேரி 7, இங்கிலாந்து 1. வெம்பிளியில் அன்று ஆடிய 11 பேரில் 6 பேர் அதன் பிறகு இங்கிலாந்துக்காக ஒருபோதும் ஆடவில்லை. அந்த ஆறு பேரில் ஒருவர் வலதுபுறப் பின்காவலர். அன்றைய மூன்றாவது கோலைத் தண்டனை உதையிற் போட்டவரும் அவரே. பெலோ ஒறிசொன்ரேயிலும் அவர் ஆடியிருந்தார். அவர் பெயர் அல்ஃப் ராம்சி. தெரிவுக் குழுவின் இரண்டு பெருந்தவறுகளையும் மைதானத்தின் நடுவே நின்று பார்த்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

ராம்சி 1955ஆம் ஆண்டில் இப்சுவிச் என்ற சிறிய ஊரின் கழகத்துக்கு முகாமையாளரானார். அக்கழகம் அன்று மூன்றாம் பிரிவில் இருந்தது. ஏழாண்டுகளில் அதை முதற்பிரிவுக்குக் கொண்டுவந்து, வந்த முதல் ஆண்டிலேயே, 1962இல், நாட்டின் வெற்றிக் கழகமாக்கினார். அதே ஆண்டிலே வின்டர்பொட்டம் பதவியை விட்டார். சங்கம் முதலில் நாடியது பேர்ன்லி கழகத்தின் தலைவரான ஜிம்மி அடம்சனை. அவர் மறுத்துவிடவே, ராம்சியிடம் வந்தது. ராம்சி ஒரு நிபந்தனை விதித்தார்: அணியைத் தெரிவது நான் ஒருவனே, குழுவுக்கு அதிற் பங்கில்லை. சங்கம் இணங்கியது. தொண்ணூறு ஆண்டுக் கால வழக்கம் ஒரு மனிதனின் உறுதியினால் முடிவுக்கு வந்தது.

வள்ளுவர் பொருட்பாலிலே தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமும், அதை அடுத்துத் தெரிந்து வினையாடல் என்று ஓர் அதிகாரமும் வகுத்திருக்கிறார். ஒருவனை ஆராய்ந்து துணிவது ஒன்று. துணிந்தபின் அவனிடம் வினையை முழுதாக விடுவது மற்றொன்று. ஆங்கிலச் சங்கம் 1946இல் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்யாமல் விட்டது. 1963இல் இரண்டையும் செய்தது.

பொறுப்பு ஒருவரிடம் வந்தவுடன் பழியும் அவரிடமே வந்தது. குழு தெரிந்த காலத்தில் இரசிகன் யாரைக் குறை கூறுவான்? பெயர் தெரியாத கனவான்களைத்தான். இப்போதோ ஒரு முகம் கிடைத்துவிட்டது. 1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை இங்கிலாந்து வெல்லும் என்று ராம்சி முன்கூட்டியே சொல்லியிருந்தார். முதற்போட்டியில் உருகுவேயோடு கோலின்றிச் சமநிலை கண்டபோது அரங்கம் மனம் வெதும்பியது. பின்னர் நாட்டின் செல்லப்பிள்ளையான ஜிம்மி கிறீவ்ஸ் காலிற் காயமுற்றார். அவரிடத்துக்கு வந்த ஜெஃப் ஹேர்ஸ்ட் ஆர்ஜன்டீனாவுக்கு எதிரே வெற்றிக் கோலைப் போட்டார். இறுதிப் போட்டிக்குள் கிறீவ்ஸ் குணமடைந்துவிட்டார். கிறீவ்ஸா, ஹேர்ஸ்ட்டா என்று நாடே இரண்டுபட்டு நின்றது. ராம்சி ஹேர்ஸ்ட்டை மாற்றவில்லை. ஜூலை 30ஆம் நாள் இங்கிலாந்து மேற்கு ஜேர்மனியை 4க்கு 2 என வென்றது. அந்த நான்கில் மூன்று கோல்கள் ஹேர்ஸ்ட்டினுடையவை. ஒரு குழு வாக்கெடுத்திருந்தால் இம்முடிவு கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

வெற்றி தந்த உரிமை நெடுநாள் நிலைக்கவில்லை. 1973 ஒக்டோபர் 17ஆம் நாள் வெம்பிளியில் போலந்தை வென்றே ஆக வேண்டிய நிலை. ஆட்டம் 1க்கு 1 எனச் சமநிலையில் முடிந்தது. போலந்தின் கோல் காவலர் டோமஷெவ்ஸ்கி மலைபோல் நின்று பந்துகளைத் தடுத்தார். இங்கிலாந்து 1974ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்குப் போகவில்லை. ராம்சியும் அந்த ஆண்டிலே விலக்கப்பட்டார். அவருக்குப் பின் நிரந்தரமாக வந்தவர் லீட்ஸ் கழகத்தை இருமுறை நாட்டின் வெற்றிக் கழகமாக்கிய டொன் றெவி. அவர் 1977 ஜூலையில் பதவியைத் துறந்து ஐக்கிய அரபு இராச்சியத்துக்குப் பயிற்றாளராகப் போய்விட்டார். அவர் விலகிய செய்தி சங்கத்துக்குத் தெரியுமுன் பத்திரிகையில் வந்துவிட்டது. சங்கம் அவமானப்பட்டு நின்றது.

இந்த இடத்திலேதான் நமது கதையின் மிகப் பெரிய விவாதம் பிறக்கிறது. அடுத்தவர் யார் என்று கேட்டபோது, இங்கிலாந்தின் அரங்குகளிலிருந்து பெருங்குரலாக எழுந்த பெயர் ஒன்று: பிரையன் கிளஃப்.

மிடில்ஸ்பறோ நகரிலே தொழிலாளர் குடும்பத்திற் பிறந்த கிளஃப், விளையாடிய காலத்தில் 274 லீக் போட்டிகளில் 251 கோல்கள் போட்டவர். முழங்காற் காயம் அவர் ஆட்டத்தை இளவயதிலேயே முடித்துவிட்டது. இரண்டாம் பிரிவிற் கிடந்த டார்பி கழகத்தை எடுத்து 1972இல் நாட்டின் வெற்றிக் கழகமாக்கினார். கழகப் பணிப்பாளரோடு முரண்பட்டு 1973இல் விலகியபோது, அவரை மீண்டும் அழைக்கும்படி அவ்வூர் மக்கள் இயக்கமே நடத்தினார்கள். லீட்ஸ் கழகத்தில் அவர் நிலைத்தது 44 நாட்கள் மாத்திரமே. பின்னர் நொட்டிங்ஹாம் பொறெஸ்ட் என்ற இரண்டாம் பிரிவுக் கழகத்தை ஏற்று, 1977இல் முதற்பிரிவுக்கு உயர்த்தினார். அவ்வாண்டு டிசெம்பரில் அக்கழகம் முதற்பிரிவின் முதலிடத்தில் நின்றது.

தொலைக்காட்சியில் தோன்றி மனத்திற் பட்டதைப் பட்டவாறே பேசும் வழக்கம் கிளஃப்புக்கு உண்டு. பணிப்பாளருக்கும் சங்கத்தாருக்கும் பணிந்து பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. கூலி வேலை செய்து வாரக் கடைசியில் அரங்கின் நிற்குமிடத்தில் நின்று பார்க்கும் இரசிகன், தான் சொல்ல விரும்பியதை ஒருவர் தன் மொழியிலேயே சொல்வதைக் கேட்டு மகிழ்ந்தான். ஆனால், உண்மையையும் சொல்ல வேண்டும். 1973ஆம் ஆண்டு போலந்துப் போட்டியின்போது தொலைக்காட்சியிலே டோமஷெவ்ஸ்கியைக் கோமாளி என்று சொன்னவரும் இதே கிளஃப்தான். அரங்கத்தின் நாயகனும் தவறக்கூடியவனே.

சங்கம் கிளஃப்பையும் வேறு சிலரையும் அழைத்து நேர்முகம் கண்டது. அப்போது சங்கத்தின் தலைவராயிருந்தவர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் இரசாயனப் பேராசிரியர் சேர் ஹறோல்ட் தொம்சன். ஒரு பக்கம் பேராசிரியர். மறுபக்கம் மிடில்ஸ்பறோவின் மைந்தர். முடிவு வெளிவந்தபோது நியமனம் பெற்றவர், தற்காலிகமாக அணியைக் கவனித்து வந்த றொன் கிறீன்வூட். அவர் சாதாரணமானவர் அல்லர். வெஸ்ட் ஹாம் கழகத்தை நடத்தி 1964இல் சங்கக் கிண்ணமும் 1965இல் ஐரோப்பியக் கிண்ணமொன்றும் வென்றவர். 1966இல் இறுதிப் போட்டியில் ஆடிய மூர், ஹேர்ஸ்ட், பீற்றர்ஸ் மூவரும் அவர் கையில் வளர்ந்தவர்கள். 1977 நவம்பரில் இத்தாலியை 2க்கு 0 என வெம்பிளியில் வென்றும் காட்டியிருந்தார். அமைதியானவர், சொல் அடக்கம் உள்ளவர், சங்கத்துக்கு இடர் தராதவர். இரசிகரின் ஐயமும் அங்கேதான் தோன்றியது. ஆற்றலைப் பார்த்தார்களா, அல்லது அடக்கத்தைப் பார்த்தார்களா?

வரலாறு இவ்வழக்கில் யார் பக்கம் தீர்ப்புச் சொன்னது? கிளஃப்பின் ஆதரவாளர் காட்டும் சான்று வலிமையானது. 1978இல் நொட்டிங்ஹாம் பொறெஸ்ட் நாட்டின் வெற்றிக் கழகமாயிற்று. 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கிண்ணத்தை அடுத்தடுத்து வென்றது. சில ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் பிரிவிற் கிடந்த கழகம் அது. மறுபக்கத்தாரும் வெறுங்கையோடு நிற்கவில்லை. கிறீன்வூட்டின் அணி 1980இல் ஐரோப்பியக் கிண்ணப் போட்டிக்கும், 1982இல் உலகக் கிண்ணப் போட்டிக்கும் தகுதி பெற்றது. 1982இல் ஸ்பெயினில் ஐந்து போட்டிகள் ஆடி ஒன்றிலும் தோற்கவில்லை. ஒரே ஒரு கோலை மாத்திரம் விட்டுக்கொடுத்தது. கறுப்பினத்தவரான விவ் அன்டர்சனை 1978 நவம்பரில் களமிறக்கி, ஆங்கில முதன்மை அணியில் அவரினத்தார்க்கு முதன்முறையாக இடமளித்தவரும் கிறீன்வூட்டே. அந்த அன்டர்சன் கிளஃப்பின் கழகத்தில் ஆடியவர் என்பதும் நினைவுகூரத்தக்கது.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். கழக முகாமையாளர் தம் வீரரை நாள்தோறும் காண்கிறார், அதட்டுகிறார், அணைக்கிறார், தேவைப்பட்டால் புதியவரை விலைகொடுத்து வாங்குகிறார். தேசிய முகாமையாளரோ ஆண்டில் சில வாரங்களே அவர்களைக் காண்கிறார். வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. கிளஃப்பின் வித்தை நாள்தோறும் வீரர் நெஞ்சிலே வேலை செய்யும் வித்தை. அது சில வாரங்களிற் பலிக்குமா? பலித்தும் இருக்கலாம், பலியாமலும் போயிருக்கலாம். நடவாத ஆட்டத்துக்குக் கோல் கணக்கு இல்லை.

ஆகவே, கிளஃப் வந்திருந்தால் வென்றிருப்போம் என்ற இரசிகரின் கூற்றை நான் வரலாறாக ஏற்கவில்லை. ஆனால், அவர்களின் மனக்குறையில் ஒரு பகுதியை ஏற்கத்தான் வேண்டும். 1962இல் ராம்சி என்ன கேட்டார்? என் வேலையில் யாரும் தலையிடக் கூடாது என்று கேட்டார். சங்கம் கொடுத்தது, நான்காண்டுகளில் உலகக் கிண்ணம் வந்தது. 1977இல் கிளஃப் கேட்டிருக்கக் கூடியதும் அதுவே. ஆனால் ராம்சி மெல்லிய குரலிற் கேட்டார். கிளஃப் உரத்த குரலிற் பேசுபவர். அந்த உரத்த குரல், தம் அதிகாரத்தை விட்டுக்கொடுக்கப் பழகாத ஒரு சபையை மறுபடியும் அச்சுறுத்தியது என்றே நான் கருதுகிறேன். இரசிகன் தவறாகக் கணித்திருக்கலாம். ஆனால் கதவு எங்கே மூடப்பட்டது என்பதைச் சரியாகவே கண்டுகொண்டான்.

இவ்விவாதம் அதன்பின் உருமாறி உருமாறி வந்தது. 2001ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டவரான எறிக்சன் பதவியேற்றபோது, அந்நியர் ஒருவரிடம் தேசிய அணியை விடலாமா என்ற புதிய வழக்கு எழுந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் மியூனிக் நகரில் ஜேர்மனியை 5க்கு 1 என வென்றதும் அவ்வழக்குச் சிறிது காலம் உறங்கிப்போயிற்று. 2012இல் இரசிகரிற் பலரும் பத்திரிகைகளும் ஹரி றெட்நப் என்ற பெயரைச் சொல்லச் சங்கம் றோய் ஹொட்சனைத் தெரிந்தது. 2016இல் பதவிக்கு வந்த காரெத் சவுத்கேட்டை அன்று விரும்பி வரவேற்றவர் சிலரே. அவரோ 2018இல் உலகக் கிண்ண அரையிறுதிக்கும், 2021இலும் 2024இலும் ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டிக்கும் அணியைக் கொண்டுசென்றார். 2024 ஜூனில், ஜேர்மனியின் கொலோன் நகரிலே, சொந்த நாட்டு இரசிகர் சிலர் அவர்மீது நெகிழிக் கோப்பைகளை எறிந்தார்கள். மூன்று வாரத்துக்குள் அவருடைய அணி இறுதிப் போட்டியில் நின்றது. அதில் ஸ்பெயினிடம் தோற்றபின் அவர் பதவி துறக்க, ஒக்டோபரில் ஜேர்மானியரான தோமஸ் துக்கெல் நியமனம் பெற்றார். பழைய அந்நியர் வழக்கு மறுபடியும் எழுந்தது.

இவற்றை நிறுத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. தெரியும் வேலையைக் கூட்டம் செய்ய முடியாது. நூறாயிரம் பேர் கூடி ஒரு முன்னணி வீரனைத் தெரிந்தால், அது பழைய தெரிவுக் குழுவை நூறாயிரமாகப் பெருக்கியதாகவே முடியும். ஹேர்ஸ்ட்டை வைத்துக்கொண்ட துணிவு தனி மனிதனுக்கே உரியது. ஆனால், தெரிபவர் எதற்காகத் தெரிந்தார், யாருக்கு அஞ்சித் தெரிந்தார் என்று கேட்கும் உரிமை கூட்டத்துக்கு உண்டு. அணி சங்கத்தின் பெயரால் ஆடினாலும், மழையில் நின்று பார்க்கிறவனுக்கும் அது சொந்தமே.

கிளஃப் 2004ஆம் ஆண்டிற் காலமானார். இங்கிலாந்து அணியின் முகாமையாளர் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆயினும், நொட்டிங்ஹாம் நகரையும் டார்பி நகரையும் இணைக்கும் நெடுஞ்சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. மிடில்ஸ்பறோவிலும், நொட்டிங்ஹாமிலும், டார்பியிலும் அவருக்குச் சிலைகள் நிற்கின்றன. சனிக்கிழமைகளில் ஆட்டம் பார்க்கப் போகும் தந்தைமார், அச்சிலைகளின் அருகே பிள்ளைகளை நிறுத்தி அந்தப் பழைய வழக்கை இன்னும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.